ஆரவாரம் என்று நினைத்தோம்

இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று இன்று தோன்றிவிட்டது. பேசாமல் இருந்தால் மானம் தப்பும் என்று நினைத்தேன். யாருடைய மானம் என்று கேட்டால் இப்போது எனக்கே சொல்லத் தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவிடம் போனில் பேசும்போது, கிளப்பில் இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், சீசன் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். வழக்கம்போல எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் சொன்னாய். வைப்பதற்கு முன்னால் மட்டும், கொஞ்சம் தயங்கி, தமிழில் கேட்டாய்: "அப்பா என்ன நினைக்கிறார்?" அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தது உனக்குத் தெரியாது. கையில் காப்பி டம்ளரோடு நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். நவம்பர் மாதத்தில் என் பேச்சைப் பாதியில் துண்டித்தாயே, அதற்குப் பிறகு என்னைப் பற்றி நீ கேட்ட முதல் கேள்வி அது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் டம்ளரைக் கழுவப் போய்விட்டேன். அன்று சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உனக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம். எழுதியும் பார்த்தேன், சரிப்படவில்லை. நடந்தது உனக்கும் எனக்கும் நடுவில் மட்டும் நடந்த ஒன்றாக இருந்தால் அது போதும். ஆனால் இந்த ஊர்த் தமிழர்களில் முக்கால்வாசிப் பேர் அதில் வாய்விட்டுச் சேர்ந்துகொண்டார்கள், என்ன செய்தோம் என்று அவர்களுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்த இரண்டு மூன்று பேரும் வெளியே சொல்லவில்லை. சொல்லாதவர்களில் நான் முதல் ஆள். அதனால் எல்லோரும் படிக்கிற நம் தமிழ்க் குழுவின் பக்கத்தில் போடப் போகிறேன். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். நீ நியூ ஜெர்சியில் பிறந்தவன், இங்கே கல்லூரி வரை கால்பந்து ஆடியவன், இப்போது வட இத்தாலியில் ஒரு சின்ன ஊர் அணியில், பெரிய பிரிவுகளுக்கு வெகு கீழே, சம்பளத்துக்கு ஆடுகிறவன். அவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

கால்பந்து நான் உனக்குக் கொடுத்ததில்லை. ஈரோட்டில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் மைதானம் இருந்தது. எனக்கு அதில் வேலை இருக்கவில்லை. நீ ஆறு வயதில் டவுன் லீக்கில் சேர்ந்தபோது, குளிர்காலம் வந்தால் விட்டுவிடுவான் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். நீ விடவில்லை. சனி, ஞாயிறு என்றால் டிரங்கில் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பெயர் வாயில் நுழையாத ஊர்களுக்கெல்லாம் உன்னைக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் புல்லோரமாக நின்று ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொள்வார்கள். நான் லேப்டாப்பைத் திறந்து ஆபீஸ் மெயில் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்கள் என்னிடம் பேசியதில்லை, நானும் போய்ப் பேசியதில்லை. யார் முதலில் பேசவில்லை என்ற கணக்கை மட்டும் இன்றுவரை மறக்காமல் வைத்திருக்கிறேன். இப்படிப்பட்ட கணக்குகள் என்னிடம் நிறைய உண்டு என்று உனக்குத் தெரியும்.

ஒரு நாள், உனக்குப் பதினொரு வயதிருக்கும், எதிர் அணிப் பையனின் அப்பன் ஒருவன் கோட்டுக்கு வெளியே நின்று, ஊருக்குப் போய் பெட்ரோல் பங்க்கில் நில்லு என்று உன்னைப் பார்த்துக் கத்தினான். நீ விளையாட்டை விட்டுவிட்டு என்னிடம் வந்தாய். முகம் சிவந்திருந்தது, அழவில்லை. "காதுல வாங்காத சாமி. அடுத்த கோல் நீ போடு, அவன் வாய் தன்னால மூடிக்கும்" என்றேன். நீ போய்ப் போட்டாய். அவனும் வாயை மூடிக்கொண்டு காருக்குப் போனான். அன்று அது பலித்ததுதான் கெடுதல். பலிக்காமல் போயிருந்தால் நான் அதை உன் வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருக்க மாட்டேன். நீயும் நம்பியிருக்க மாட்டாய். நன்றாக வேலை செய், வாயை மூடுவார்கள்: ஜெர்சி சிட்டியில் ஒரு பேங்க்கில் கான்ட்ராக்டராக உட்கார்ந்துகொண்டு நான் எனக்கே தினமும் சொல்லிக்கொண்ட மந்திரமும் இதுதான். நான் வேலை சொல்லிக்கொடுத்த பையன்கள் எனக்கு மேலாளராக வந்தார்கள். மீட்டிங்கில் நான் சொன்னதையே இன்னொருவன் திரும்பச் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போதும் இன்னும் நன்றாகச் செய்யவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

இனி அந்த நவம்பர் ஞாயிறு. குமரேசன் வீட்டுப் பேஸ்மென்ட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். குமரேசன் அங்கிளை உனக்கு நன்றாகத் தெரியும், படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நாமக்கல்காரர், நான் வந்த வருடமே இங்கே வந்தவர், இருவரும் ஒரே அறையில் பாய் போட்டுப் படுத்தவர்கள். அவர் மேலே மேலே போனார், நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். அவர் மகன் டாக்டருக்குப் படிக்கிறான் என்று சொல்லும்போதெல்லாம், "உங்க தம்பி இன்னும் பந்துதானுங்களா?" என்று உன்னைப் பற்றியும் சேர்த்துக் கேட்பார். நீ இத்தாலிக்குப் போன பிறகு அந்தக் கேள்வி நின்றது. உன் ஆட்டம் இன்டர்நெட்டில் வருகிறது என்று தெரிந்ததும், தன் வீட்டு புரொஜெக்டரில் போட்டு எல்லோரையும் அவரே அழைத்தார். எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். இட்லி, வடை, பில்டர் காப்பி எல்லாம் இருந்தது. பிள்ளைகள் மேல்மாடியில் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தார்கள். இங்கே பிறந்த அந்தப் பிள்ளைகளில் ஒன்றாவது கீழே வந்திருந்தால் அன்று நாங்கள் கேட்ட சத்தம் என்னவென்று சொல்லியிருக்கும். எதுவும் வரவில்லை.

அன்று எதிரணியின் ஊரில் ஆட்டம். வர்ணனை இத்தாலிய மொழியில் ஓடிக்கொண்டிருந்தது, எங்களில் யாருக்கும் ஒரு வார்த்தை புரியாது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பந்து உன் காலுக்கு வந்தது. ஸ்டாண்டிலிருந்து ஊ, ஊ, ஊ என்று ஒரு சத்தம் எழுந்தது. நீ பந்தை அடுத்தவனுக்குத் தட்டியதும் சத்தம் நின்றது. மறுபடி உன்னிடம் வந்தது, மறுபடி எழுந்தது. குமரேசன்தான் முதலில் கவனித்தார். "ஏனுங்க, பாருங்க. நம்ம தம்பி தொட்டாலே கத்தறாங்க. மொத நாள் மொத ஷோ ஹீரோ என்ட்ரி மாதிரியே இருக்குதுங்க" என்றார். யாரோ ஒருவர், இது எதிராளி ஊர்தானே, அவர்கள் ஏன் நம் பையனுக்குக் கத்த வேண்டும் என்று கேட்டார். சரியான கேள்வி. குமரேசன் சிரித்துக்கொண்டே, "எதிராளியே கத்தறான்னா எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரன்னு பாத்துக்குங்க" என்றார். அறையே சிரித்தது. அதற்குப் பிறகு சந்தேகம் யாருக்கும் வரவில்லை. உன் அணியில் ஆடுகிற கறுப்பினப் பையன் உஸ்மானுக்குப் பந்து போகும்போதும் அதே சத்தம் வந்தது. அணியில் இரண்டு பேர் ஸ்டார் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டோம்.

பிறகு நாங்களும் சேர்ந்துகொண்டோம். அந்த ஊர்க்காரர்கள் நம் பையனைக் கொண்டாடும்போது நாம் சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாயிருக்காது என்று யாரோ சொன்னார்கள். உன்னிடம் பந்து வரும்போதெல்லாம் பேஸ்மென்ட்டில் ஊ, ஊ, ஊ. சினிமாக் கொட்டகையில்கூட நான் ஒரு நாளும் விசிலடித்தவன் இல்லை, உனக்குத் தெரியும். அன்று தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினேன். மீட்டிங்குகளில், புல்வெளி ஓரங்களில், குமரேசன் வீட்டு விருந்துகளில் இத்தனை வருடம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. என் பிள்ளைக்கு ஒரு வெள்ளைக்கார ஊரே எழுந்து நின்று கத்துகிறது என்று அதை நான் அப்படியே நம்பினேன்.

இரண்டாம் பாதியில் நீ நடுவரிடம் போய் ஏதோ சொன்னாய், ஸ்டாண்டைக் கை காட்டினாய். அவர் இரண்டு கையையும் விரித்தார். ஏதோ ஃபவுல் கேட்கிறான் என்று நினைத்தோம். அதற்கப்புறம் நீ பந்தை வைத்துக்கொள்ளவே இல்லை. வந்த வேகத்தில் தட்டிவிட்டாய். சில நேரம் பந்து வரும் பக்கத்திலிருந்து விலகிப் போனாய். "ஏனுங்க தம்பி பந்த வெச்சுக்கவே மாட்டேங்குது? இத்தன பேர் கத்தறதப் பாத்துக் கூச்சப்படுது போல" என்றார் குமரேசனின் மனைவி. கொஞ்ச நேரத்தில் உன்னை வெளியே எடுத்துவிட்டார்கள். நீ தலையைக் குனிந்துகொண்டு நடந்து வரும்போது அதுவரை இல்லாத அளவுக்குச் சத்தம் எழுந்தது. நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று அதே சத்தத்தைக் கொடுத்தோம். குமரேசன் அதை வீடியோ எடுத்தார். எனக்கு அனுப்பினார். உனக்கு அனுப்பியது நான். "எங்க எல்லாரோட சத்தமும் கேக்குதா சாமி?" என்று கீழே எழுதி அனுப்பினேன்.

அது என்ன சத்தம் என்று தெரியுமா என்று ஆங்கிலத்தில் ஒரு வரி கேட்டிருந்தாய். நான் கை தட்டுகிற பொம்மை ஒன்றை அனுப்பினேன். அதன் பிறகுதான் நீ கூப்பிட்டாய். பஸ்ஸில் இருந்தாய், பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டது. "அப்பா, அது மங்கி சவுண்ட். கறுப்பா இருக்கறவங்களப் பாத்துப் பண்றது, எனக்கும் உஸ்மானுக்கும். நீங்க எல்லாரும் மங்கி சவுண்ட் பண்ணி வீடியோ அனுப்பியிருக்கீங்க" என்றாய். குரலில் கோபமே இல்லை. ஒரு குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதுபோல நிதானமாகச் சொன்னாய். அப்போது ஒரு அப்பன் சொல்லக்கூடியவை எத்தனையோ இருந்தன. தெரியாமல் செய்துவிட்டோம் என்று சொல்லியிருக்கலாம். அடிபட்டதா, சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் அழுதிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது இது: "நீ ஏன்டா சும்மா இருந்த? நான் ஆப்பிரிக்கன் இல்ல, இந்தியன்னு சொல்ல வேண்டியதுதானே?"

உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உஸ்மான், அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டிருக்க வேண்டும். நீ இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னாய். இந்தியன் என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. ஒரு சிரிப்புக் கேட்டது. அந்தச் சிரிப்பில் ஆச்சரியமே இல்லை, அதுதான் என்னால் மறக்க முடியாதது. பிறகு நீ சொன்னாய்: "உஸ்மான் இந்த ஊர்லயே பொறந்தவன்ப்பா. அவன் என்ன சொல்லணும்?" பதிலுக்குக் காத்திராமல் போனைத் துண்டித்துவிட்டாய். அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை, விலாசம் தப்பி வந்துவிட்டது என்பதுதான் குறை என்று உன் நண்பன் காதுபட நான் சொல்லிவிட்டேன். ஸ்டாண்டில் நின்றவனாவது உங்கள் இருவரையும் ஒன்றாக நினைத்தான்.

அதன் பிறகு நடந்ததையெல்லாம் நீ அம்மாவிடம் சொல்லி, அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். தன் காதில் எதுவும் விழவில்லை என்று நடுவர் எழுதிக்கொடுத்தார். அந்த ஊர் கிளப், யாரோ சிலர் செய்தது, எங்கள் ஊர் அப்படிப்பட்டதில்லை என்று ஒரு அறிக்கை விட்டது. லீக் நடத்துகிறவர்கள் ஸ்டாண்டின் ஒரு மூலையை ஒரே ஒரு ஆட்டத்துக்கு மூடுவதாகச் சொல்லி, பிறகு அதையும் இன்னொரு முறை நடந்தால் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகை உனக்குக் குறைந்த மார்க் போட்டு, இரண்டாம் பாதியில் ஆளையே காணோம் என்று எழுதியது. உங்கள் கிளப் தலைவர் உன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காப்பி கொடுத்து, அவர்கள் உன்னை வெறுக்கவில்லை, உன் ஆட்டத்தைக் குலைக்கப் பார்த்தார்கள், மோசமாக ஆடுகிறவனை யாரும் சீண்ட மாட்டார்கள், இதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொள் என்று சொன்னாராம். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது: அந்த மனிதர் சொன்னதும் குமரேசன் பேஸ்மென்ட்டில் சொன்னதும் கிட்டத்தட்ட ஒரே பேச்சு. ஒருவர் தெரிந்து சொன்னார், மற்றவர் தெரியாமல் சொன்னார்.

குமரேசனிடம் நானே போய்ச் சொன்னேன். காய்கறிக் கடை பார்க்கிங்கில், அவர் காரில் உட்கார்ந்து. அவர் உண்மையிலேயே ஆடிப்போய்விட்டார். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு, "நம்ம பையனப் போயி அவங்கன்னு நெனச்சுட்டானுங்களே" என்றார். நான் உன்னிடம் சொன்னதையேதான் அவர் என்னிடம் சொன்னார். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. வெயிலில் ஆடி ஆடித் தம்பி கறுத்துவிட்டான், வந்தால் கொஞ்ச நாளில் நிறம் திரும்பிவிடும் என்று ஆறுதல் சொன்னார். தன் கம்பெனியில் டெஸ்டிங் பக்கம் உனக்கு ஒரு வேலை போட்டுத் தருவதாகச் சொன்னார். கடைசியாக, "வெளிய சொல்ல வேண்டாமுங்க. சொன்னா தம்பிக்குத்தான் அசிங்கம். விட்டா தன்னால அடங்கீரும்" என்றார். நான் சரி என்றேன். அவர் மேல் எனக்கு எவ்வளவோ கோபம் இருந்தும், அந்த ஒன்றில் மட்டும் அவரோடு ஒத்துப்போனேன்.

அது அடங்கவில்லை. சொல்லாமல் விட்டதால் அந்த வீடியோ கை கையாகப் போனது. பொங்கல் விழா ஹைஸ்கூல் ஆடிட்டோரியத்தில் நடந்தது, உனக்கு அந்த இடம் தெரியும், நீ அங்கே திருக்குறள் மறந்துபோய் நின்றிருக்கிறாய். நடனங்களுக்கு நடுவில், இத்தாலியில் நம் தமிழ்ப் பிள்ளை என்று திரையில் உன் படம் வந்தது. அடுத்தது அந்த வீடியோ: முதலில் ஸ்டாண்டின் சத்தம், பிறகு பேஸ்மென்ட்டில் நாங்கள். மேடையில் மைக் பிடித்திருந்த பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, நல்ல பெண். "இத்தாலிக்காரங்களே இப்படின்னா நாம சும்மா இருக்கலாமா? எங்க, அவருக்குக் கேக்கற மாதிரி" என்றாள். பட்டுப்புடவை, வேட்டி, சின்னக் குழந்தைகள், எல்லோரும் எழுந்து நின்று ஊ, ஊ, ஊ என்று கத்தினார்கள். சந்தோஷமாகக் கத்தினார்கள். உன் அம்மா எழுந்து, யாரையும் பார்க்காமல், வெளியே காருக்குப் போய்விட்டாள். நான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு இருக்கை தள்ளி குமரேசன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடைக்குப் போய் மைக்கை வாங்கி, உட்காருங்கள், இது இன்னது என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. யாராவது திரும்பிப் பார்த்து வாழ்த்தினால் சிரிக்க வேண்டுமே என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் யாரோ அதையும் இன்டர்நெட்டில் போட்டு, உன் பக்கத்தோடு இணைத்து, பெருமை என்று எழுதியிருந்தார்கள். நீ பார்த்துவிட்டாய் என்று காட்டியது. நீ எதுவும் எழுதவில்லை.

இதைப் படிக்கும் நண்பர்களே என்று ஆரம்பித்து உங்களை நான் திட்டப் போவதில்லை. என் பேச்சு என் மகனோடு மட்டும். ஆனால் நீங்கள் எழுப்பியது குரங்கின் சத்தம் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். தெரிந்ததும் முதலில் மனதில் வருவது, ஐயோ நம் பையனைப் போய் என்பதாக இருந்தால், நீங்களும் நானும் ஒரே பஸ்ஸில்தான் போகிறோம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். உன் அம்மாவுக்கு நீ வந்துவிட வேண்டும். உன் அறைக்குப் புது விரிப்புப் போட்டு வைத்திருக்கிறாள். நானும் வந்துவிடு என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். எங்கே வா என்பது என்று எழுதும்போது கை நின்றுவிட்டது. இந்த வீடு வாங்கும்போது, விலை குறைவாக, ரயிலுக்குப் பக்கத்தில் இன்னொரு வீட்டைப் பார்த்தோம். அந்த ஏரியா கொஞ்சம் கலராக இருக்கும் என்று குமரேசன் சொன்னார். கலர் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை, எனக்கு உடனே புரிந்தது. நீ உஸ்மானைப் போன்ற ஒரு பையனோடு வளர்ந்துவிடக் கூடாது என்று அதிகம் பணம் கொடுத்து இங்கே வந்தோம். நீ வளர்ந்தபிறகு, ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாய். நீ வந்தால் உனக்கு ஒரு விருந்து வைப்பார்கள். நம்ம பிள்ளையை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று பேசுவார்கள். அந்த வரிசையில் நீ இலை போட்டு உட்கார வேண்டாம்.

அதற்காக அங்கேயே இரு என்றும் என்னால் எழுத முடியவில்லை. மறுபடி அதே ஊருக்கு நீ ஆடப் போக வேண்டும், அட்டவணையில் இருக்கிறது. அவர்கள் திருந்தியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. மூலையை மூடினால் அடுத்த மூலையிலிருந்து வரும். பதினான்கு வயதிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பதாக உஸ்மான் உன்னிடம் சொன்னானாம். அவன் நன்றாக ஆடாமலா இருந்திருப்பான்? அந்த ஆட்டத்தை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். உன்னை வெளியே எடுக்கும்வரை, உன்னிடம் பந்து இருந்தபோது மட்டும்தான் உனக்குச் சத்தம் வந்தது. பந்து இல்லாமல் நீ ஓடும்போது, நிற்கும்போது, விழுந்து எழும்போது ஒருவனும் உன்னைப் பார்க்கவில்லை. நீ பந்தைத் தட்டிவிட்டது கூச்சத்தால் என்று நினைத்தோம். அமைதி எங்கே கிடைக்கும் என்று கண்டுபிடித்துவிட்டாய், அவ்வளவுதான். நானும் பேங்க்கில் அந்த அமைதியில்தான் இத்தனை வருடம் உட்கார்ந்திருக்கிறேன். அதை என் கண்ணாலேயே திரையில் பார்த்துவிட்டு, உனக்கு இனி என்ன அறிவுரை சொல்வது?

ஆகவே அப்பா நினைப்பது இவ்வளவுதான். நன்றாக ஆடினால் வாயை மூடுவார்கள் என்று உனக்குச் சொன்னது பொய். நான் பொய் என்று தெரியாமல் சொன்னேன், இப்போது தெரியும். அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதே. இன்னும் ஒரு வருடம் ஆடினால் அவர்கள் மாறுவார்கள் என்று இருக்காதே. வீட்டுக்கு வந்தால் இங்கே யாரும் அப்படி இல்லை என்றும் வராதே. இரண்டையும் விட்டுவிட்டு, கால்பந்தையே விட்டுவிடத் தோன்றினால், விட்டுவிடு. அதை நீ தோற்றது என்று என் எதிரில் எவனும் சொல்லிவிட்டுப் போக முடியாது. ஆட வேண்டும் என்று இருந்தால், ஆடு. ஆனால் எனக்காக வேண்டாம், அவர்கள் வாயை அடைப்பதற்காகவும் வேண்டாம். நான் என்ன சொன்னேன் என்று உஸ்மான் கேட்டால், சொல்ல ஒன்றும் இல்லாமல் நிற்கிறேன் என்று சொல். அவன் மறுபடி சிரித்தால் சிரிக்கட்டும்.

எழுதி முடித்துவிட்டேன். கீழே பெயர் போட வேண்டும். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. நீ பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், என் பெயரையே உனக்குக் கடைசிப் பெயராக எழுதிக்கொடுத்தேன். அதனால் பள்ளியிலும் கல்லூரியிலும் உன்னை என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். உன் சட்டை முதுகிலும் இருந்தது என் பெயர்தான். அன்று அந்த ஊர்க்காரர்கள் அதைப் படித்துக்கொண்டேதான் கத்தியிருப்பார்கள். அடுத்த ஆட்டத்தில் திரையில் உன்னைத் தேடினேன். உன் முதுகில் எண் மட்டும் இருந்தது. உங்கள் பிரிவில் பெயர் கட்டாயமில்லையாம், நீயே எடுத்துவிடச் சொன்னாயாம். என் பெயருக்கு அந்தச் சத்தம் வேண்டாம் என்று எடுத்தாயா, உனக்கு என் பெயர் வேண்டாம் என்று எடுத்தாயா, அம்மாவுக்கும் தெரியவில்லை. கேட்கும் தைரியம் எனக்கில்லை. எதற்காக எடுத்திருந்தாலும் நீ எடுத்ததை நான் இங்கே கொண்டுவந்து ஒட்ட மாட்டேன். பெயர் போடாமலேயே அனுப்புகிறேன்.